கொசு மருந்து வண்டிக்கு ஒரு சான்றிதழ்

கல்பாக்கம்
18.12.2000

திரு. தர்மராஜ் அவர்களுக்கு,

வணக்கம். ‘அன்புள்ள சம்பந்தி’ என்று தொடங்கச் சொல்லி சகுந்தலா பக்கத்திலேயே நிற்கிறாள். அவளுக்காக ஒரு தாளில் அப்படி எழுதியும் பார்த்தேன். கை வரவில்லை. கிழித்துவிட்டேன்.

உங்கள் புதுக்கரணைக்கும் எங்கள் குடியிருப்புக்கும் நடுவே பதினேழு கிலோமீட்டர். இதற்குத் தபால் எதற்கு என்று போஸ்ட் ஆபீசில்கூடக் கேட்டார்கள். பிள்ளைகளின் கல்யாணம் முடிந்து பதினைந்து மாதமாக நாம் பேசிக்கொள்வதில்லை. போனில் உங்கள் குரல் கேட்டதும் சத்தமில்லாமல் வைத்துவிடுகிற ஆள் நான்தான். பேசுவதில்லை என்றுதான் முடிவு. எழுதுவதைப் பற்றி அன்றைக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. உங்கள் மகன், என் மாப்பிள்ளை சரவணகுமார் தினமும் ஸ்டாஃப் பஸ்ஸில் இங்கே வேலைக்கு வருகிறாரே, அவரிடம் கொடுத்துவிடலாம் என்று பார்த்தேன். “உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரர் வேலை நாங்க பார்க்க மாட்டோம்” என்று என் மகள் தடை போட்டுவிட்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். தை பதினெட்டு, புதன்கிழமை, உங்கள் வீட்டில் ரோகிணிக்கு வளைகாப்பு. அன்று மாலையே அவளைப் பிரசவத்துக்கு இங்கே அழைத்துவருவது முறை. முறையில் எனக்கு ஆட்சேபணை இல்லை. வண்டியில் இருக்கிறது. “மாமா நம்ம கார்லதான் அனுப்புவேங்கறாங்கப்பா” என்று ரோகிணி சொன்னதிலிருந்து எனக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது.

அந்தக் காரை நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளை அழைப்பன்று அது திருக்கழுக்குன்றம் மண்டபத்து வாசலுக்கு வந்தபோது புகையில் மாப்பிள்ளையைக் காணவில்லை. நாதஸ்வரக்காரர் இருமினார். ஆரத்தித் தட்டு வைத்திருந்த பெண்கள் மூலைக்கு ஒருவராக ஓடினார்கள். என் புதுப் பட்டு வேட்டி சாம்பல் நிறமாகி, இன்றுவரை அந்த நிறத்தில்தான் இருக்கிறது.

ஏழு மாதக் கர்ப்பிணி அதில் ஏறக்கூடாது. நான் வாடகைக் காரோடு வருகிறேன். இல்லையென்றால், முறையாகப் பரிசோதித்து வாங்கிய புகைச் சான்றிதழை எனக்குக் காட்டுங்கள். இரண்டும் இல்லாவிட்டால் நான் உங்கள் வாசல்படி மிதிக்கமாட்டேன்.

இப்படிக்கு,
சு. லட்சுமணன்

*

புதுக்கரணை
22.12.2000

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தர்மராஜ் எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல் இருந்தாலும் இந்தக் கடிதத்தில் காட்டிக்கொள்வதாக இல்லை.

வேட்டியைப் பற்றி எழுதினீர்கள், சரி. அன்று நீங்கள் பேசியதை எழுத மறந்துவிட்டீர்கள். ஞாபகப்படுத்துகிறேன். முந்நூறு பேர் நடுவில், மைக் பக்கத்தில் நின்றுகொண்டு, “சம்பந்தி, இது காரா, பஞ்சாயத்துல கொசு மருந்து அடிக்கிற வண்டியா?” என்று கேட்டீர்கள். ஊரே சிரித்தது. என் சொந்தத் தம்பியே சிரித்தான். நானும் சும்மா விடவில்லை. “அப்போ கொசுல்லாம் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ” என்றேன். அது உங்கள் பக்கத்து ஆட்களைக் குத்திவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். குத்தத்தான் சொன்னேன்.

அந்த வார்த்தையோடு போயிருந்தால் பரவாயில்லை. இன்றும் காரை எடுத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் சந்தைக்குப் போனால், “இன்னா தர்மராஜண்ணே, எந்தத் தெருவுல கொசு?” என்கிறார்கள். அதற்காகவே வெளியில் எடுப்பதை விட்டுவிட்டேன். பதினைந்து வருஷம் என்னோடு உழைத்த வண்டி சம்பந்தி அது. மாப்பிள்ளை அழைப்புக்கு முந்தின நாள்வரை ஒரு பீடி அளவுக்குப் புகை விட்டதில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். அன்றைக்கு அதற்கு என்ன வந்தது என்று எனக்கே புரியவில்லை.

ரோகிணி இந்த வீட்டுக்கு மணப்பெண்ணாக வந்தது அந்தக் காரில். இருமிக்கொண்டேதான் வந்தது, ஒப்புக்கொள்கிறேன். ரோகிணி தாய்வீட்டுக்குப் போவதும் அதில்தான். என் மருமகள் வாடகைக் காரில் போனால், தர்மராஜ் தோற்றான் என்று நானே தண்டோரா போட்ட மாதிரி.

சான்றிதழ்தானே கேட்டீர்கள்? காட்டுகிறேன். பதினைந்து வருஷம் முடிந்ததால் பதிவைப் புதுப்பிக்கச் செங்கல்பட்டு ஆர்.டி.ஓ. ஆபீசிலும் அதையேதான் கேட்கிறார்கள். ஆனால் காட்டிவிட்டால், நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, அதே காரில் முன்சீட்டில் உட்கார்ந்து கல்பாக்கம் போகவேண்டும். சம்மதமா?

தர்மராஜ்

*

கல்பாக்கம்
26.12.2000

திரு. தர்மராஜ் அவர்களுக்கு,

சம்மதம்.

ஆனால் ஒன்று. இருபத்தாறு வருடமாக நான் அளவு கருவிகளைச் சோதிப்பதையே வேலையாகப் பார்க்கிறேன். ஒரு கருவி ‘சரி’ என்று காட்டினால், அது சரியாகத்தான் காட்டுகிறதா என்று இன்னொரு கருவியை வைத்துப் பார்க்கிறவன். என்னிடம் ஏனோதானோ சான்றிதழ் செல்லாது. டீசல் காருக்குப் புகை அளவு அறுபத்தைந்துக்குள் இருக்கவேண்டும்.

கரும்புகை வந்தால் முதலில் பார்க்கவேண்டியது ஏர் ஃபில்டர். இன்ஜின் மூச்சு இழுக்கிற இடம் அதுதான். மூக்கை அடைத்துவிட்டு ஓடச் சொன்னால் யாருக்கும் முகம் கறுக்கும். அதைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் மற்றதில் கைவைக்க வேண்டும்.

தண்டோரா, தோல்வி என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். அந்தக் கல்யாணத்தில் நானும் இழந்திருக்கிறேன். வேட்டி போனது போகட்டும், என் நல்ல ஈரிழைத் துண்டு ஒன்றும் அந்தக் கூட்டத்தில் காணாமல் போனது. நாங்குநேரியிலிருந்து என் அக்காள் வாங்கி அனுப்பியது. அதற்காக யார்மேலாவது குற்றம் சொன்னேனா? பெருந்தன்மையாக இருந்துவிட்டேன்.

சு. லட்சுமணன்

*

புதுக்கரணை
2.1.2001

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

புத்தாண்டு வாழ்த்து. இதை ரோகிணி எழுதச் சொன்னது.

முதலில் துண்டு. எங்கள் வீட்டில் துண்டு திருடுகிற ஆள் யாரும் கிடையாது. பீரோ நிறையத் துண்டு வைத்திருக்கிறேன். ‘பெருந்தன்மையாக இருந்துவிட்டேன்’ என்ற வரியை என் வீட்டுக்காரி எல்லம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். “இன்னா பேச்சு இது? நம்மள துண்டு திருடின்றாரா?” என்று இரண்டு நாளாக உலைவைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

சனிக்கிழமை காரைச் செங்கல்பட்டுக்கு ஓட்டிப்போய் முறையாகவே புகை பார்த்தேன். மிஷின் தொண்ணூற்று இரண்டு காட்டியது. அதைப் பிடித்துக்கொண்டிருந்த ஆள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஐயா, இத்த நீங்க செங்கல் சூளைக்கின்னு எழுதி வாங்கிகினு போலாம்” என்றான். காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் ஊர்ப் பம்புசெட் மெக்கானிக் தனகோடியை வரவழைத்தேன். இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவன் கை படாத ஆயில் இன்ஜின் இல்லை. காதை வைத்துக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவான். கேட்டான். “எண்ணெய் பீச்சுற நாசில்ல கோளாறு கீது. மொத்தமா எறக்கிப் பார்த்துடலாம்” என்றான். இன்ஜினை இறக்கிப் புளியமரத்தில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டிருக்கிறோம். பொங்கல்வரை அங்கேதான் இருக்கும். மருமகள் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரிக்கிறது.

ஏர் ஃபில்டரைப் பிறகு பார்க்கலாம்.

ஒரு சந்தேகம். நீங்கள் ஆபீசுக்குப் போகிற ஸ்கூட்டர் எனக்குத் தெரிந்து பதினெட்டு வருஷம் பழசு. அதற்குப் புகைச் சான்றிதழ் இருக்கிறதா?

தர்மராஜ்

*

கல்பாக்கம்
5.1.2001

திரு. தர்மராஜ் அவர்களுக்கு,

இப்போது பேச்சு உங்கள் காரைப் பற்றியது. ஸ்கூட்டரை இதற்குள் இழுக்கவேண்டாம்.

ஏர் ஃபில்டரை ஏன் ‘பிறகு’ பார்க்கவேண்டும்? திறக்க இரண்டு நிமிடம் ஆகுமா? சளிப் பிடித்தவனுக்கு எடுத்த எடுப்பில் வயிற்றைக் கிழித்துப் பார்க்கிற மெக்கானிக்கை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

நாசில் எப்படி இருக்கவேண்டும் என்று ஒரு படம் வரைந்து இணைத்திருக்கிறேன். அந்தத் தனகோடியிடம் கொடுங்கள். காதால் கேட்டது போதும், கண்ணாலும் ஒருமுறை பார்க்கட்டும். எங்கள் பிரிவில் கேசவன் என்று ஒருவர் டீசல் இன்ஜினில் கெட்டிக்காரர். சாப்பாட்டு வேளையில் அவரிடம் கேட்டுத்தான் வரைந்தேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. ‘தெரிந்தவர் ஒருவர்’ என்று மட்டும் சொன்னேன்.

சு. லட்சுமணன்

*

புதுக்கரணை
8.1.2001

சம்பந்தி அவர்களுக்கு,

சான்றிதழ் இணைத்திருக்கிறேன். புகை அளவு முப்பத்தெட்டு. முத்திரை, கையெழுத்து, காரின் நம்பர் எல்லாம் இருக்கிறது. நன்றாகப் பார்த்துக்கொள்ளவும்.

முன்சீட்டைத் துடைத்து வைத்துவிட்டேன்.

தர்மராஜ்

*

கல்பாக்கம்
11.1.2001

திரு. தர்மராஜ் அவர்களுக்கு,

நன்றாகவே பார்த்தேன்.

பரிசோதித்த நாள்: 7.1.2001, ஞாயிறு. நேரம்: காலை 11.40. அதே ஞாயிறு, அதே நேரத்தில் நான் ரோகிணிக்குப் போன் செய்தேன். “இன்ஜின் இன்னும் மரத்துலதான்பா தொங்குது. காக்கா உட்கார்ந்திருக்கு” என்றாள்.

இன்ஜின் புளியமரத்தில், கார் செங்கல்பட்டில். முப்பத்தெட்டு எதற்கு? பூஜ்யமே போட்டிருக்கலாமே!

எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். உங்களை ஒரு முரடர் என்று நினைத்திருந்தேன். பொய்யர் என்று நினைத்ததில்லை. கடைசியாக ஒருமுறை இந்த ஆளை நம்புவோம் என்று முன்சீட்டில் உட்காரக்கூட மனதைத் தயார் செய்திருந்தேன். இனி எழுதுவதற்கு ஒன்றுமில்லை. வளைகாப்புக்குச் சகுந்தலா மட்டும் வருவாள், வாடகைக் காரில்.

சு. லட்சுமணன்

*

புதுக்கரணை
16.1.2001

சம்பந்தி அவர்களுக்கு,

பொங்கல் மூன்று நாளும் இந்தக் கடிதத்தை மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்தேன். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

செங்கல்பட்டு ரோட்டில் ஒரு வேனில் புகை பார்க்கிறார்கள். முன்பு பார்த்த ஆள் இல்லை, இவன் வேறு. தனகோடிதான் கூட்டிப்போனான். காரைக் கொண்டுபோக முடியாது. அதனால் நம்பர் பிளேட்டை மட்டும் கழற்றிப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனோம். வேன்காரன் பிளேட்டை வாங்கிப் பார்த்தான். “வண்டி எங்க?” என்றான். “பின்னால வந்துகினு கீது” என்றான் தனகோடி. ரோட்டை எட்டிக்கூடப் பார்க்காமல் எழுதிக் கொடுத்துவிட்டான். எனக்கே ஒரு மாதிரி இருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது மடியில் அந்த பிளேட்டைப் பார்த்தவர்கள், விபத்தில் கார் போய் இது ஒன்றுதான் மிஞ்சியது என்று நினைத்து எனக்கு உட்கார இடம் கொடுத்தார்கள். உட்கார்ந்துவிட்டேன். அதுவும் தப்புதான்.

பொய்யர் என்று எழுதினீர்கள். அந்த வார்த்தை உறைத்தது. அந்தச் சான்றிதழைப் போகிப் பண்டிகையில் கொளுத்திவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அது உங்களிடம் இருப்பதால் நீங்களே கொளுத்திவிடவும்.

இன்ஜினை ஏற்றியாகிவிட்டது. உங்கள் படத்தைப் பார்த்து நாசிலைச் சரி செய்தோம். தனகோடி படத்தை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டான், திருப்பித் தரமாட்டேன் என்கிறான். மாட்டுப் பொங்கலுக்கு மாடுகளோடு காருக்கும் பொட்டு வைத்தோம். பிள்ளைகள் பம்பரின் இரண்டு முனைக்கும் கொம்புக்கு அடிக்கிற பச்சை பெயின்ட்டை அடித்துவிட்டார்கள். இன்று காலை நேர்மையாகப் பரிசோதித்தோம். எண்பத்தெட்டு. இவ்வளவுக்கும் பிறகு நான்குதான் குறைந்தது.

இனி மறைத்துப் பயனில்லை. ஏர் ஃபில்டரைத் திறக்காததற்குக் காரணம் எல்லம்மாள். கல்யாணத்தன்று புகை வந்ததும், இது கண் பட்ட கோளாறு என்று முடிவு கட்டிவிட்டாள். மறுநாளே கோயிலில் மந்திரித்த கறுப்புக் கயிறு வாங்கிவந்தாள். பானெட்டைத் திறந்ததும் உருண்டையாக முதலில் கண்ணில் பட்டது ஏர் ஃபில்டர். அதன் மூடியைச் சுற்றி ஒன்பது முடிச்சு போட்டுவிட்டாள். வீட்டில் ஒரு குழந்தை வரும்வரை அவிழ்க்கக் கூடாதாம். தனகோடி கைவைக்கப் போனான். “தொட்டா கை வெளங்காது” என்றாள். அவனுக்கு இருப்பது இரண்டு கை. தொடவில்லை.

யாருடைய கண் என்று கேட்பீர்கள். அதை நான் எழுதமாட்டேன்.

தர்மராஜ்

*

கல்பாக்கம்
19.1.2001

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை கத்தினேன். இரண்டாம் முறை, பஸ்ஸில் உங்களுக்கு இடம் கொடுத்ததைச் சகுந்தலாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டாள். மூன்றாம் முறை எனக்கே சிரிப்பு வந்தது. இதை ஒரு சலுகையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உண்மையைச் சொன்னீர்கள். அதற்கு மரியாதை உண்டு. பொய்யர் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் ஒன்பது முடிச்சு! ஒரு மாதமாக நாசில், பம்ப், புளியமரம் என்று ஊரெல்லாம் சுற்றி, கடைசியில் ஒரு கறுப்புக் கயிற்றுக்கா பயந்தீர்கள்? நான் நாள் முழுக்க விஞ்ஞானிகளோடு வேலை பார்க்கிறவன். கண் பட்டது என்றெல்லாம் அவர்கள் முன்னால் எப்படிப் பேசுவது? கேசவனிடம் மட்டும் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஒன்பது முடிச்சுன்னா அவிழ்க்கக் கூடாது சார், ரிஸ்க்” என்கிறார். சகுந்தலாவும் அந்தக் கட்சி. “அவுக கட்டினது காரணமாத்தான் இருக்கும், நீங்க சும்மா இருங்க” என்கிறாள்.

மூக்கு அடைத்திருக்கிறது, சம்பந்தி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் இருபத்தாறு வருட அனுபவத்தின்மேல் ஆணையாகச் சொல்கிறேன், கோளாறு அந்த ஏர் ஃபில்டருக்குள்தான் இருக்கிறது. முன்னதாகவே அவிழ்க்க ஏதாவது பரிகாரம் உண்டா என்று வீட்டில் கேட்டு எழுதுங்கள். இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது.

லட்சுமணன்

*

புதுக்கரணை
23.1.2001

சம்பந்தி அவர்களுக்கு,

கேட்டேன். பரிகாரம் இருக்கிறதாம். கண் வைத்தவர் நேரில் வந்து, காரை மூன்று சுற்று சுற்றி, “தெரியாம சொல்லிட்டேன்” என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லம்மாளே அவிழ்த்துவிடுவாளாம். கண் வைத்தவர் கல்பாக்கத்தில் இருக்கிறாராம். இதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள்.

நேற்று ரோகிணி என்னிடம் வந்து உட்கார்ந்தது. வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒருநாள் முகம் சுளித்துப் பார்த்ததில்லை. “மாமா, வளைகாப்பு அன்னிக்கு எங்கப்பா வரலைன்னா, நான் யார் கார்லயும் ஏற மாட்டேன். வளையலை மாட்டிக்கிட்டு டவுன் பஸ்ல போறேன். கண்டக்டர் உட்கார இடம் வாங்கித் தருவார்” என்றது. சொல்லிவிட்டுச் சிரித்தது. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டது.

சம்பந்தி, எனக்கு இரண்டும் பையன்கள். வீட்டில் பெண்குழந்தை அழுது நான் பார்த்ததில்லை. கார் கிடக்கிறது, விற்றுக்கூட விடுகிறேன். ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். நீங்கள் வாருங்கள்.

தர்மராஜ்

*

கல்பாக்கம்
26.1.2001

சம்பந்தி அவர்களுக்கு,

இன்று லீவு. காலையிலிருந்து மூன்று தாள் கிழித்தாகிவிட்டது.

ரோகிணி போனில் என்னிடமும் அழுதாள். அவள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய நாளில்கூட எனக்கு மீட்டிங். இந்த ஒரு நாளாவது ஒழுங்காகப் போய் நிற்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதையும் ஒரு காரை வைத்து நானே கெடுத்துக்கொண்டிருக்கிறேன்.

வருகிறேன். காரை விற்கவேண்டாம். என் பிடிவாதத்துக்கு உங்கள் வண்டி ஏன் போகவேண்டும்? வாடகைக் காரிலேயே அழைத்து வந்துவிடலாம், யார் ஜெயித்தார்கள் என்று நாம் பேசவேண்டாம்.

ஆனால் மூன்று சுற்று சுற்றமாட்டேன். ‘தெரியாமல் சொன்னேன்’ என்றும் சொல்லமாட்டேன். தெரிந்துதான் சொன்னேன். புகை வந்தது உண்மை. நான் பார்த்தேன், சொன்னேன். அன்று என்மேல் என்ன தப்பு இருந்தது என்று எவ்வளவு யோசித்தாலும் எனக்கு ஒன்றும் புலப்படவில்லை.

லட்சுமணன்

*

புதுக்கரணை
29.1.2001

அன்புள்ள சம்பந்திக்கு,

இதைத் தபாலில் போட மனம் வரவில்லை. ரோகிணி இந்த ஒருமுறை மட்டும் தடையை விலக்கிக்கொண்டு, சரவணகுமாரிடம் கொடுத்தனுப்பச் சம்மதித்திருக்கிறது.

சனிக்கிழமை ரோகிணி நேராகக் காரிடம் போய் பானெட்டைத் திறக்கச் சொன்னது. எல்லம்மாள் ஓடி வந்தாள். “கொழந்த வர்றவரைக்கும் தொடாதம்மா” என்றாள். “அத்தை, குழந்தை வந்து ஆறு மாசம் தாண்டியாச்சு. இந்த வீட்லதான் இருக்கு, இந்த வீட்டுச் சோறுதான் சாப்பிடுது. நம்பிக்கை இல்லேன்னா இங்க கை வைங்க” என்றது. எல்லம்மாள் கையை வைத்தாள். உள்ளே இருந்தது சரியான நேரம் பார்த்து ஓர் உதை விட்டது. எல்லம்மாள் கையை எடுக்கவே இல்லை. அப்படியே நின்றுகொண்டு, “இன்னாத்துக்குப் பார்த்துகினு நிக்கிறீங்க? அவுருங்க” என்று எங்களைத் திட்டினாள்.

ரோகிணிதான் ஒன்பது முடிச்சையும் அவிழ்த்தது. தனகோடி மூடியைத் திறந்தான். நீங்கள் சொன்னபடியே மூக்கு அடைத்துத்தான் இருந்தது. உங்கள் அனுபவத்துக்கு என் வணக்கம். அடைத்திருந்ததை வெளியே இழுத்துப் போட்டுவிட்டுக் காரைக் கிளப்பினோம். பானெட் பக்கம் ஒரு சத்தமில்லை, பின்பக்கம் ஒரு புகையில்லை. அன்றே செங்கல்பட்டுக்குப் போனோம், இந்த முறை முழுக் காரோடு. பழைய ஆள்தான் இருந்தான். நாற்பத்து மூன்று. அவனே நம்பாமல் மூன்று முறை பார்த்தான். உங்களைப் போன்ற ஆள்தான் போலிருக்கிறது. சான்றிதழ் இதனுடன் இருக்கிறது.

கூடவே ஒரு பொட்டலமும் வைத்திருக்கிறேன். ஏர் ஃபில்டருக்குள்ளிருந்து எடுத்தது அதுதான். கரியாக இருந்தது. நாலு தண்ணீரில் துவைத்து, கஞ்சி போட்டு, பெட்டியும் போட்டாயிற்று. எங்கள் பீரோவில் இந்த மாதிரி இல்லை. யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. மூலையில் மையால் போட்ட சலவைக் குறி ஒன்று இருக்கிறது: எல் 14/7. உங்கள் குடியிருப்பில் பதினாலாவது தெரு ஏழாம் எண்ணில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து, உரியவரிடம் சேர்த்துவிடவும். ரோகிணிக்குத் தெரியும் போலிருக்கிறது. கேட்டால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிக்கிறதே தவிர, சொல்லமாட்டேன் என்கிறது.

தர்மராஜ்

*

31.1.2001
புதுக்கரணை, உங்கள் வீட்டு வாசல்

அன்புள்ள சம்பந்திக்கு,

பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேன். பதினாலாவது தெரு ஏழாம் எண்ணில் நான்தான் இருக்கிறேன். அது உங்களுக்கும் தெரியும்.

துண்டைப் பார்த்ததும் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. மாப்பிள்ளை அழைப்பன்று கோயில் வாசலில் உங்கள் கார் பானெட்டைத் திறந்து நின்றது. டிரைவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஏர் ஃபில்டரின் வாய் திறந்து கிடந்தது. தெருவெல்லாம் புழுதி, போதாக்குறைக்குப் பட்டாசுத் தூள். நல்ல வண்டி, இப்படிப் புழுதியைக் குடிக்கிறதே என்று என் கை சும்மா இருக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை, டீ வடிகட்டுகிற துணி மாதிரி, அந்த வாயில் கட்டினேன். மண்டபம் போனதும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் நாதஸ்வரக்காரருக்குக் காபி வரவில்லை என்று யாரோ கூப்பிட்டார்கள். இன்ஜின் என் துண்டை உள்ளே இழுத்துக்கொண்டது. உங்கள் கார் பிறகு விட்டதெல்லாம் என் புகை.

நானே அடைத்துவிட்டு, நானே முந்நூறு பேர் நடுவில் சிரித்திருக்கிறேன். ஏர் ஃபில்டரைத் திறங்கள், திறங்கள் என்று கடிதத்துக்குக் கடிதம் உங்களை விரட்டியதும் நானே. துண்டு திருடியதாகவும் உங்கள் வீட்டைச் சொல்லாமல் சொன்னேன்.

இதையெல்லாம் நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் இங்கேயே உட்கார்ந்து எழுதுகிறேன். சகுந்தலா வளையல் தட்டோடு உள்ளே வருகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். நான் வாசலில் உங்கள் காரில், முன்சீட்டில், உட்கார்ந்திருக்கிறேன். மூன்று சுற்று முடித்துவிட்டேன். மாடு கட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சாட்சி. தெரியாமல் சொல்லிவிட்டேன், சம்பந்தி. மன்னித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட்டால் மனம் லேசாகும். என் ஸ்கூட்டருக்குப் புகைச் சான்றிதழ் கிடையாது. ஒருநாளும் எடுத்ததே இல்லை.

உங்கள்,
லட்சுமணன்

*

(அதே தாளின் பின்பக்கம், பென்சிலில்)

சம்பந்தி,

படித்தாயிற்று. கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டேன். அதனால் ரோகிணியைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். கூடம் நிறையச் சனம். அன்று மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் இங்கே இருக்கிறார்கள். ஸ்கூட்டர்வரை எல்லாருக்கும் கேட்டுவிட்டது. கண்ணாடி என் சட்டைப்பையிலேயே இருந்திருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன். வேண்டுமென்றே செய்தேனா என்று என்னைக் கேட்கவேண்டாம்.

இனி நாம் இருவரும் சமம். காரில் எத்தனை நேரம்தான் உட்கார்ந்திருப்பீர்கள்? உங்கள் மகள் கை நிறைய வளையலோடு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் வந்து ஒரு வளையல் போட்டால்தான் இலை போடலாம் என்கிறது. எனக்குப் பசிக்கிறது. உள்ளே வாருங்கள்.

வரும்போது வலது கையை முன்னால் நீட்டிக்கொண்டு வரவும். “கண்ணு பட்டுச்சின்னு நெனச்சேன், கையே பட்டுகீது” என்று சொல்லி, எல்லம்மாள் அந்தக் கறுப்புக் கயிற்றோடு வாசல்படியில் நிற்கிறாள். ஒன்பது முடிச்சாம்.

தர்மராஜ்